வெற்றுத் தாளில் ஒரு கையொப்பம்

புதிய கார் வாங்கியதும் அதனைக் கோயில் வாசலுக்கு ஓட்டிச் சென்று, சந்தனமும் குங்குமமும் இட்டு, மாலை சாத்தி, நான்கு சக்கரங்களுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிய பிறகே வீட்டுக்குக் கொண்டுவருவது தமிழகக் குடும்பங்களின் வழக்கம். சாலையில் யாதொரு விபத்தும் நேராமல் காக்க வேண்டும் என்பதே அந்த வேண்டுதல். ஆண்டுக்கு ஒருமுறை அதே கார் சர்வீஸ் நிலையத்துக்குள் நுழையும்போது நேர்பவற்றுக்கு அந்த எலுமிச்சம்பழம் பொறுப்பேற்பதில்லை.

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். வயது எழுபத்திரண்டு. ஓய்வுக்குப் பின் சில ஆண்டுகள் கழித்துச் சேமிப்பிலிருந்து ஒரு சிறிய பெட்ரோல் கார் வாங்கினார். எட்டு ஆண்டுகளில் அது ஓடியது 46,000 கிலோமீட்டர். கிருத்திகைக்குச் சுவாமிமலை, பிரதோஷத்துக்குத் திருநாகேஸ்வரம், எப்போதாவது திருக்கடையூர் என்பதற்கு மேல் அந்தக் காருக்கு வேலை கிடையாது. சென்ற தை மாதம் அவருடைய மனைவிக்கு ஓர் ஆசை. தை அமாவாசைக்கு இராமேசுவரம் சென்று, அக்கினி தீர்த்தத்தில் நீராடி, அவர் தர்ப்பணம் முடித்ததும் இருவருமாக இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் தீர்த்தமாட வேண்டும் என்று. பயணத்துக்கென்று பீரோவில் தனியே ஓர் உறையில் 18,000 ரூபாய் எடுத்து வைத்தார் அந்த அம்மையார். சர்வீசுக்கு வேறோர் உறையில் 7,500 ரூபாய். முந்தைய ஆண்டு பில் 6,900 ரூபாய் என்பதால் அந்தக் கணக்கு.

தஞ்சாவூரில் உள்ள ஒரு சர்வீஸ் நிலையத்துக்குக் காலை ஒன்பது மணிக்குக் கார் சென்றது. குளிரூட்டப்பட்ட கூடம், காபி இயந்திரம், கண்ணாடிக்கு அப்பால் தூக்கி நிறுத்தப்பட்ட வண்டிகள். சர்வீஸ் அட்வைசர் என்று சட்டைப்பையில் பெயர்ப்பட்டை அணிந்த இளைஞர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க சார், அம்மா நல்லா இருக்காங்களா?" என்று விசாரித்தார். எங்கேனும் வெளியூர்ப் பயணம் உண்டா என்று கேட்டார். பெரியவரும் மகிழ்ச்சியோடு இராமேசுவரப் பயணத்தைச் சொன்னார். பட்டுக்கோட்டை, தொண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லப் போவதையும் சேர்த்தே சொன்னார்.

"ஏழு, ஏழரைக்குள்ள முடிஞ்சிடும் சார். இங்க ஒரு கையெழுத்து" என்று ஜாப் கார்டை நீட்டினார் இளைஞர். பணிகளின் பட்டியல் இருக்க வேண்டிய இடத்தில் 'வருடாந்தர சர்வீஸ்' என்ற ஒரே வரிதான் இருந்தது. உத்தேச மதிப்பீடு என்ற கட்டம் காலியாக இருந்தது. முப்பத்தாறு ஆண்டுகள் மாணவர்களின் விடைத்தாள்களில் காலியிடம் விட்டால் சிவப்பு மையால் கோடு கிழித்தவர், அந்தக் காலிக் கட்டத்துக்குக் கீழே தமது கையொப்பத்தை இட்டார்.

பதினொன்றரை மணிக்குத் தொலைபேசி வந்தது. அப்போது அவர் பெரிய கோயில் பிராகாரத்தில் இருந்தார். "சார், பிரேக் பேட் தேஞ்சு போயிருக்கு. நீங்க அம்மாவோட இராமேஸ்வரம் போறதா சொன்னீங்க. ஹைவேயில பிரேக் விஷயம்... அப்புறம் உங்க இஷ்டம்." பெரியவர் மாற்றிவிடச் சொன்னார். எந்தக் கணவர் வேறு மறுமொழி சொல்வார்? அடுத்த மூச்சிலேயே, கடற்காற்றில் உப்பு, அடிப்பாகம் துரு பிடிக்கும், துருத்தடுப்புப் பூச்சு போட்டுவிடலாம் என்றது அதே குரல். எஞ்சினில் கரி படிந்திருக்கிறது, நெடுந்தூரம் போகும்போது இழுவை குறையும் என்றது. "செய்யறதெல்லாம் செஞ்சிடுங்க தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் நந்தி மண்டபத்தைக் கடந்து உள்ளே சென்றார்.

மாலையில் பில் 21,840 ரூபாய்.

வழக்கமான சர்வீஸ், ஆயில், வடிகட்டிகள், கூலி, கழுவுதல் எல்லாம் சேர்த்து 7,350 ரூபாய், அவர் எதிர்பார்த்ததுதான். அதன் கீழே எஞ்சின் டீகார்பனைசிங் 2,950, எஞ்சின் ஃபிளஷ் 650, ஏசி கிருமிநீக்கம் 1,450, அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு 3,900, முன்சக்கர பிரேக் பேட் 3,240, வீல் அலைன்மென்ட் மற்றும் பேலன்சிங் 1,400, எலி விரட்டி மருந்து 500, இதர நுகர்பொருள்கள் 400. உறையில் இருந்தது 7,500. மீதியைக் கார்டில் தேய்த்தார். வீடு வந்து சேர்ந்ததும் அந்த அம்மையார் பில்லை வாங்கிப் பார்த்தார். பிறகு பீரோவைத் திறந்து இராமேசுவர உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். "அடுத்த தைக்குப் போய்க்கலாங்க. தீர்த்தம் எங்கயும் போயிடாது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பெரியவர் அன்றிரவு உறங்கியிருக்கக்கூடும்.

இத்தகைய பில்லில் பொய் என்று ஒரே ஒரு வரியைச் சுட்டிக்காட்டுவது கடினம். அதுவே இந்த வியாபாரத்தின் நுட்பம். பிரேக் பேட் தேயும் என்பது மெய். உப்புக் காற்று இரும்பை அரிக்கும் என்பதும் மெய். எஞ்சினில் கரி படியும் என்பதும் மெய்யே. ஒவ்வொரு மெய்யையும் இந்தக் காருக்கு, இன்றைக்கு, இந்த விலைக்குத் தேவை என்ற இடத்துக்கு நகர்த்திச் செல்வதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. ஒருநாள் கடற்கரையில் நின்றதால் எந்தக் காரும் துருப்பிடிப்பதில்லை. கரி நீக்கும் பணி பெரும்பாலான பெட்ரோல் கார்களின் பராமரிப்பு அட்டவணையில் இடம்பெறுவதே இல்லை. அந்த அட்டவணை காருடன் கொடுக்கப்பட்ட கையேட்டில், எத்தனை கிலோமீட்டருக்கு அல்லது எத்தனை மாதத்துக்கு எதை மாற்ற வேண்டும், எதைச் சோதித்தால் மட்டும் போதும் என்று கட்டம் கட்டி அச்சாகியிருக்கிறது. வண்டியைச் செய்தவர்களே எழுதிய அந்தக் கையேடு பல வீடுகளில் உறை பிரிக்கப்படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் உறங்குகிறது. அதில் இல்லாத பணிகளைச் செய்துகொள்ளாவிட்டால் உத்தரவாதம் போய்விடும் என்று சில இடங்களில் அச்சுறுத்துவதும் உண்டு. உத்தரவாதத்துக்கு அடிப்படை கையேட்டில் விதித்துள்ள பராமரிப்பே தவிர, கவுன்ட்டரில் விற்கும் பூச்சுகள் அல்ல.

வீல் அலைன்மென்ட் என்பதும் பயனுள்ள வேலைதான். கார் ஒருபக்கமாக இழுத்தாலோ, டயரின் ஓரம் மட்டும் தேய்ந்தாலோ அது தேவை. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் அதிர்ந்தால் பேலன்சிங் தேவை. இரண்டு அறிகுறியும் இல்லாத வண்டியில் ஆண்டுதோறும் பழக்கதோஷமாக அதைச் சேர்ப்பதுதான் கேள்விக்குரியது. செய்ததாகச் சொன்னால், செய்வதற்கு முன்பும் பின்பும் இருந்த அளவுகளை அந்த இயந்திரமே அச்சிட்டுத் தரும். அந்தத் தாளைக் கேட்பவர் குறைவு. டயரில் நைட்ரஜன் நிரப்புவதற்குத் தனிக் கட்டணம் கேட்பவர்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை.

அழுக்கடைந்த வடிகட்டியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்து காட்டுவது இன்னொரு முறை. அது கருத்துத்தான் இருக்கும். ஆனால் அது எந்தக் காரிலிருந்து வந்தது என்பதை அதன் முகத்தைப் பார்த்துச் சொல்ல இயலாது. ஏசி வடிகட்டி பல கார்களில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், கையாலேயே கழற்றி மாட்டும்படி இருக்கிறது. பேரனைக் கூப்பிட்டால் ஐந்து நிமிட வேலை. ஆயிலிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சிறிய பெட்ரோல் எஞ்சின்கள் பலவற்றுக்கு மூன்று லிட்டரும் சற்று மேலும் போதும். பில்லில் நான்கு லிட்டர் இருந்தால், மீதி ஆயில் யாருடைய வண்டிக்குள் போயிற்று என்று கேட்பதில் தவறில்லை. 'இலவச சர்வீஸ்' என்ற கூப்பனில் இலவசமாவது கூலி மட்டுமே. ஆயிலுக்கும் வடிகட்டிக்கும் விலை உண்டு என்பதைப் பலர் பில்லைப் பார்த்தே அறிகிறார்கள்.

இந்தத் தந்திரம் எந்த ஊருக்கும் தனிச்சொத்து அல்ல. கார் பெருகிய இடமெல்லாம் இதுவும் பெருகியிருக்கிறது. 1941-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழ் ஒரு சோதனை நடத்தியது. நல்ல நிலையில் இருந்த ஒரு காரில் காயிலிலிருந்து ஒரே ஒரு கம்பியை மட்டும் கழற்றிவிட்டு, அந்நாட்டின் நாற்பத்தெட்டு மாநிலங்களிலும் பட்டறை பட்டறையாக அக்காரைக் கொண்டுசென்றார்கள். மூடியைத் திறந்து பார்த்தாலே தெரியும் கோளாறு அது. மொத்தம் 347 பட்டறைகள். 129 பட்டறைக்காரர்கள் உடனே கண்டுபிடித்துக் கம்பியைச் செருகிவிட்டு, காசு வாங்காமலோ சொற்பமாக வாங்கிக்கொண்டோ அனுப்பினார்கள். மீதி 218 பேர், அதாவது நூற்றுக்கு அறுபத்து மூன்று பேர், தேவையற்ற பாகங்களை மாற்றினார்கள். அல்லது செய்யாத வேலைக்குக் காசு கேட்டார்கள். அல்லது மிகையாக வசூலித்தார்கள். அந்த 129 பேரையும் மறந்துவிடக் கூடாது. எந்த ஊரிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். தேடினால் கிடைக்கிறார்கள்.

அதைவிடக் கூர்ந்து நோக்கத்தக்கது அரை நூற்றாண்டு கழித்துக் கலிபோர்னியாவில் நடந்தது. சியர்ஸ் என்ற நிறுவனம் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழக்கமான பெயர். தபால் வழியாகப் பொருள் விற்கத் தொடங்கி, பிடிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற வாக்குறுதியால் வளர்ந்தது. அதன் கடைகளை ஒட்டிக் கார் பழுதுபார்க்கும் நிலையங்களும் நாடெங்கும் இருந்தன. 1990-ஐ ஒட்டிய காலத்தில் விற்பனை மந்தமாயிற்று. அப்போது நிர்வாகம் ஊதிய முறையை மாற்றியது. வாடிக்கையாளரிடம் பேசும் சர்வீஸ் அட்வைசர்களுக்கு விற்பனையில் கமிஷன் வந்தது. மெக்கானிக்குகளின் நிலையான ஊதியத்தில் ஒரு பகுதி, முடித்த வேலைகளின் எண்ணிக்கையோடு கட்டப்பட்டது. இத்தனை ஷாக் அப்சார்பர், இத்தனை அலைன்மென்ட் விற்றாக வேண்டும் என்று இலக்குகள் வைக்கப்பட்டன.

பிறகு புகார்கள் பெருகின. கலிபோர்னியா அரசின் வாகனப் பழுதுபார்ப்புக் கண்காணிப்புத் துறை தன் ஆட்களைச் சாதாரண வாடிக்கையாளர் போல அனுப்பியது. அவர்கள் கொண்டுசென்ற பழைய கார்களில் பிரேக் மட்டும் தேய்ந்திருந்தது. மற்றவை செம்மையாக இருக்கின்றன என்று முன்கூட்டியே சோதித்து வைக்கப்பட்டிருந்தது. முப்பத்தெட்டு முறை சென்றதில் முப்பத்து நான்கு முறை தேவையற்ற வேலை தலையில் கட்டப்பட்டது. ஒவ்வொரு முறையும் சராசரியாக 223 டாலர் மிகையாகப் போயிற்று. 1992 ஜூன் மாதத்தில் அரசு இதை வெளியிட்டு, அந்த மாநிலத்தில் சியர்ஸ் பட்டறைகளின் உரிமத்தையே நீக்க நடவடிக்கை தொடங்கியது. முதலில் நிறுவனம் மறுத்தது. இரண்டே வாரத்தில் அதன் தலைவர் எட்வர்ட் பிரென்னன் செய்தியாளர்களைச் சந்தித்து, தாங்கள் வகுத்த ஊதிய முறையும் இலக்கு முறையுமே தவறுகள் நிகழும் சூழலை உண்டாக்கின என்று ஒப்புக்கொண்டார். அட்வைசர்களுக்கான கமிஷனும் பாகங்களுக்கான இலக்கும் கைவிடப்பட்டன. 1990 ஆகஸ்டு முதல் 1992 ஜனவரி வரை ஷாக் அப்சார்பர், சுருள்வில் உள்ளிட்ட ஐந்து வகைப் பாகங்களை மாற்றிக்கொண்ட சுமார் 9 லட்சத்து 33 ஆயிரம் வாடிக்கையாளர்களுக்குத் தலா 50 டாலர் கூப்பன் வழங்க நிறுவனம் உடன்பட்டது. பணமாக அல்ல, கூப்பனாக. அதே கடையில் செலவழிக்கத்தக்க கூப்பன்.

இந்த வரலாற்றில் வில்லன் என்று ஒரு மெக்கானிக்கைக் காட்ட முடியாது. முந்தைய ஆண்டு வரை நேர்மையாகப் பணிபுரிந்த அதே மனிதர்கள்தான் அந்தப் பட்டறைகளில் இருந்தார்கள். மாறியது மாதச் சம்பளத்தின் கணக்கு. கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் 'அட்வைசர்' என்று பெயர்ப்பட்டை அணிந்திருக்கிறார். ஆலோசகர் என்று அதற்குப் பொருள். அவருடைய ஊதியம் ஆலோசனையின் தரத்தைப் பொறுத்ததா, பில்லின் கனத்தைப் பொறுத்ததா என்பது வாடிக்கையாளருக்குத் தெரிவதில்லை.

கலிபோர்னியாவில் 1971-ஆம் ஆண்டிலேயே ஒரு சட்டம் இருந்தது என்பதும் குறிப்பிடத்தக்கது. வேலைக்கு முன் எழுத்துமூலமான மதிப்பீடு தர வேண்டும். வாடிக்கையாளரின் ஒப்புதல் இன்றி அதற்கு மேல் செலவு வைக்கக் கூடாது. கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டால் கொடுக்க வேண்டும். சட்டம் இருந்தும் சியர்ஸ் விவகாரம் நடந்தது. ஆனால் அந்தச் சட்டமும் அதற்கென ஒரு துறையும் இருந்ததனால்தான் அது அம்பலத்துக்கு வந்தது.

தஞ்சாவூர்ச் சம்பவத்துக்குத் திரும்பினால், பெரியவர் மூன்று நாள் அந்தப் பில்லைத் தொடவில்லை. நான்காம் நாள் காலையில் பூஜை முடித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, காரிலிருந்து கையேட்டை எடுத்து வந்து திண்ணையில் அமர்ந்தார். பில்லின் ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையேட்டின் பக்க எண்ணைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தார். பக்க எண் கிடைக்காத வரிகள் ஆறு. கண்ணாடிப் பெட்டியில் பழைய காகிதங்களைத் துழாவியபோது இன்னொன்று அகப்பட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதே நிலையத்தில் அதே காருக்கு அடிப்பாகத் துருத்தடுப்புப் பூச்சு போட்டதற்கான அட்டை. மூன்று ஆண்டு உத்தரவாதம் என்று அதில் முத்திரை குத்தியிருந்தது.

"பாருங்க, உங்களுக்கு விடைத்தாள் கிடைச்சிருச்சு" என்றார் அந்த அம்மையார், காபியை வைத்தபடி.

அவர் மறுநாள் பேருந்தில் தஞ்சாவூர் சென்றார். காரை எடுக்கவில்லை. அந்த இளைஞர் முதலில் சிரித்து வரவேற்றார், பிறகு பில்லைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. பெரியவர் கேட்டது மிக எளிய கேள்வி.

"தம்பி, கழட்டின பிரேக் பேடைப் பார்க்கலாமா?"

"அது ஸ்கிராப்ல போயிடுச்சு சார்."

"எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருந்ததுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

எழுதி வைக்கவில்லை. புதிய பேடின் உராய்வுப் பகுதி சுமார் பத்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். இரண்டு, மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது மாற்றுவது முறை. ஒருவேளை அது மெய்யாகவே தேய்ந்திருக்கலாம். 46,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அதற்கு இடமுண்டு. பார்த்துச் சொல்லும் ஒரே சாட்சி பழைய இரும்புக் குவியலுக்குள் போய்விட்டது. பெரியவர் அந்த வரியைப் பென்சிலால் அடித்துவிட்டு அடுத்ததற்குச் சென்றார். பிரேக் விஷயத்தில் ஐயத்தின் பலனைக் கடைக்காரருக்குக் கொடுத்தது சரியே. அது உயிர் சம்பந்தப்பட்டது.

பூச்சு அட்டையை மேசைமேல் வைத்தபோது இளைஞர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, பக்கத்து மேசையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெல்லச் சொன்னார். "சார், மாசம் இத்தனை டீகார்ப், இத்தனை கோட்டிங்னு டார்கெட் இருக்கு. தேதி இருபத்தெட்டு ஆயிடுச்சு. நீங்க கேக்க மாட்டீங்கன்னு நினைச்சேன்."

"நான் வாத்தியார் தம்பி. கேள்வி கேக்கறதுதான் என் வேலையா இருந்துச்சு" என்றார் பெரியவர். குரலில் கடுமை இல்லை. இளைஞருக்குத் தம் கடைசி மகனின் வயது இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. 'நீங்க கேக்க மாட்டீங்க' என்ற அந்தச் சொல் மட்டும், பணம் போனதைவிட ஆழமாகத் தைத்தது.

மேலாளர் அழைக்கப்பட்டார். அவர் முதலில் ஜாப் கார்டிலுள்ள கையொப்பத்தைக் காட்டினார். பெரியவர் அதன் மேலேயுள்ள காலிக் கட்டத்தைக் காட்டினார். தொலைபேசியில் சம்மதித்தீர்களே என்றார் மேலாளர். எந்தத் தொகைக்குச் சம்மதித்தேன் என்று கேட்டார் பெரியவர். தொகை எதுவும் சொல்லப்படவில்லை என்பது இளைஞரின் முகத்திலேயே எழுதியிருந்தது. பிறகு 1915 என்ற எண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. மத்திய அரசின் தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தமிழிலேயே புகாரைப் பதிவு செய்யலாம்.

இந்த இடத்தில் சட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. சேவைக் குறைபாடும், தவறான தகவல் தந்து விற்பதும், பில் தர மறுப்பதும் அதன்படி முறையிடத்தக்கவை. பழைய சட்டத்தில் எதிர்த்தரப்பு இருக்கும் ஊரில்தான் பெரும்பாலும் வழக்கிட வேண்டியிருந்தது. இப்போது நுகர்வோர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே மனு அளிக்கலாம். முதியவர்களுக்கு இது பெரிய உதவி. ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான விஷயங்களுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும். பில், ஜாப் கார்டு, தொலைபேசிச் செய்திகள் இவையே சான்றுகள். குப்பைக்கூடைக்குப் போகும் காகிதங்கள்தான் இவையெல்லாம்.

அன்று ஆணையம் வரை செல்ல நேரவில்லை. ஒரு மணி நேரம் கழித்துப் பூச்சுக்கான 3,900, ஒரே நாளில் ஆயிலையே வடித்து மாற்றும்போது தனியாகச் செய்ததாகச் சொன்ன ஃபிளஷ் 650, எலி விரட்டி 500, இன்னதென்று விளக்க முடியாத 'இதர நுகர்பொருள்கள்' 400, ஆக 5,450 ரூபாயைத் திருப்பித் தர மேலாளர் உடன்பட்டார். டீகார்பனைசிங் செய்தாயிற்று, திரும்பப் பெற முடியாது என்றார். பெரியவர் வற்புறுத்தவில்லை. முழுத் தொகைக்கும் போராடியிருக்க வேண்டும் என்று அவருடைய மருமகன் பிற்பாடு பெங்களூரிலிருந்து தொலைபேசியில் கோபித்துக்கொண்டார். தொலைவிலிருந்து போராடுவது எப்போதுமே எளிது.

தை அமாவாசை கடந்துவிட்டது. ஆடி அமாவாசைக்கு அவர்கள் இராமேசுவரம் சென்றார்கள். செல்வதற்கு முன் காரை உள்ளூரில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினார் பெரியவர். அவர் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபார்த்து, ஆயில் அளவையும் பேட்டரியையும் பார்த்து, முன்சக்கரங்களைக் கழற்றி பிரேக்கைக் காட்டினார். பேடு புதிதாகத்தான் இருந்தது. மாற்றியிருக்கிறார்கள் என்பதில் பெரியவருக்கு ஒரு நிம்மதி. கூலி என்ன என்று கேட்டதற்கு, "போயிட்டு வரும்போது கொஞ்சம் தீர்த்தம் கொண்டாங்க ஐயா, போதும்" என்றார் மெக்கானிக். பெரியவர் இருநூறு ரூபாயை அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டு வந்தார். தீர்த்தமும் வந்து சேர்ந்தது.

இவ்வாண்டு மீண்டும் தை பிறந்தது. காரும் மீண்டும் அதே சர்வீஸ் நிலையத்துக்குச் சென்றது. வேறு நிலையம் பார்க்கலாம் என்றார் அந்த அம்மையார். அங்கே ஏற்கெனவே பாடம் நடத்தியாயிற்று, புது வகுப்பில் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும் என்றார் பெரியவர். அந்த இளைஞர் இல்லை. வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டாராம். அவருடைய இடத்தில் ஓர் இளம்பெண் இருந்தார். ஜாப் கார்டை நீட்டினார். பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கையேட்டைப் பார்த்து ஐந்து பணிகளை வரிசையாக எழுதச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை போடச் சொன்னார். அதன் கீழே எஞ்சியிருந்த காலியிடத்தில் மூலைக்கு மூலை ஒரு கோடு இழுத்து, 'இவை மட்டும். வேறு எதுவாயினும் தொகையுடன் எழுத்தில் கேட்டு, சம்மதம் பெற்ற பின். கழற்றிய பாகங்கள் என்னிடம் தரப்பட வேண்டும்' என்று தமிழில் தமது முத்து முத்தான கையெழுத்தில் எழுதினார். கிலோமீட்டர் காட்டும் முகப்பைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார். அந்தப் பெண் சிறிதும் முகம் சுளிக்கவில்லை. "எல்லாரும் இப்படி எழுதிக் கொடுத்தா எங்களுக்கும் நல்லதுதான் சார்" என்றார்.

மதியம் ஒரு குறுஞ்செய்தி வந்தது. வைப்பர் ரப்பர் கிழிந்திருக்கிறது, 480 ரூபாய், மாற்றலாமா என்று படத்துடன். படத்தில் கிழிசல் தெளிவாகத் தெரிந்தது. 'மாற்றவும்' என்று பெரியவர் மறுமொழி அனுப்பினார்.

மாலையில் பில் 7,640 ரூபாய். பின்சீட்டில் ஒரு பாலிதீன் பையில் பழைய ஆயில் வடிகட்டியும், காற்று வடிகட்டியும், கிழிந்த வைப்பர் ரப்பரும் இருந்தன. வீட்டு வாசலில் கார் வந்து நின்றதும் அந்த அம்மையார் பையைத் திறந்து பார்த்தார்.

"இந்தக் குப்பையை எதுக்குங்க வீட்டுக்குக் கொண்டு வந்தீங்க?"

"திருத்தின விடைத்தாள்" என்றார் பெரியவர். "நாளைக்குப் பழைய பேப்பர்காரர் வந்தா போட்டுடு."